ரத்தம் வருது ஆனா வலிக்கல: ஈறு, வாய்க் கிருமி பத்தி எங்கிட்ட கேட்குற கேள்விங்க

யாங்கோன்ல, அதான் நம்ம பழைய ரங்கூன்ல, ஒரு பல் கிளினிக்ல 14 வருஷமா அசிஸ்டென்ட்டா இருக்கேன். டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். நம்ம தமிழாளுங்க வந்தா உள்ள டாக்டர் பர்மீஸ்ல கேட்குறதுக்கெல்லாம் தலையாட்டிட்டு, வெளிய பில் கட்டும்போதுதான் மெதுவா "சயாமா (பர்மீஸ்ல மரியாதையா டீச்சரம்மா, டாக்டரம்மான்னு கூப்பிடுறது), ஒண்ணு கேக்கவா"ன்னு தமிழ்ல ஆரம்பிப்பாங்க. கோயில்ல பாத்தாலும் அதே கதைதான், பிரசாதம் வாங்குற கையோட வாயைத் திறந்து காமிச்சவங்களும் உண்டு. அப்படி திரும்பத் திரும்ப கேட்ட கேள்விங்களை இங்க எழுதி வைக்குறேன், என்ன பதில் சொல்றேன்னும் எழுதுறேன். டாக்டர்கிட்ட கேட்டு கேட்டு கத்துக்கிட்டது, அப்புறம் ராத்திரி உக்காந்து படிச்சது.

பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருது, ஆனா வலி கிலி ஒண்ணும் இல்ல. விட்டுடலாம்ல?

இதைத்தான் எங்கப்பாவும் சொன்னாரு. டீக்கடை வச்சிருந்தவரு, காலையில 4 மணிக்கு எழுந்து பல்பொடி போட்டு தேய்ச்சு துப்புவாரு, தண்ணி இளஞ்சிவப்பா போகும், "பிரஷ்ஷு கெட்டி"ம்பாரு. 52 வயசுல முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து விழுந்துச்சு. 55ல முறுக்கு கடிக்கும்போது ஒரு பல்லு கையோட வந்துடுச்சு. ஒரு சொட்டு வலி கிடையாது. சொத்தைப் பல்லுன்னா ராத்திரி தூங்க விடாது, அதனால ஜனங்க ஓடி வந்துடுறாங்க. ஈறு நோய் அப்படி இல்ல, வருஷக்கணக்கா சத்தமில்லாம எலும்பைத் தின்னுட்டு, பல்லு ஆட ஆரம்பிச்ச அப்புறம்தான் தெரியும். நல்ல ஈறுல பிரஷ் பட்டா ரத்தம் வராது. வருதுன்னா அங்க வீக்கம் இருக்கு, வீக்கம் இருக்குன்னா பெரும்பாலும் பல்லு ஓரத்துல அழுக்கு உக்காந்திருக்கு.

விட்டுடாதீங்க. ரத்தம் வருதேன்னு அந்த இடத்துல தேய்க்காமயும் விட்டுடாதீங்க. நிறைய பேர் பயந்துகிட்டு அந்தப் பக்கமே பிரஷ்ஷைக் கொண்டு போறதில்ல, அங்கதான் இன்னும் அழுக்கு சேருது, இன்னும் ரத்தம் வருது.

வாயில கிருமி இருக்குன்னு சொல்றீங்களே, எல்லாத்தையும் கொன்னுட முடியாதா?

முடியாது, கொல்லவும் கூடாது. மனுஷ வாயில இதுவரைக்கும் 700 வகைக்கு மேல பாக்டீரியா கண்டுபிடிச்சிருக்காங்க, எல்லாருக்கும் எல்லாம் இருக்காது, ஆளுக்கு ஆள் மாறும். இதை முதல்ல கண்ணால பாத்தது ஒரு துணி வியாபாரி! ஹாலந்துல டெல்ஃப்ட் ஊர்க்காரர், லேவன்ஹுக்னு பேரு, தானே கண்ணாடி தேய்ச்சு லென்ஸ் செஞ்சவரு. 1683ல தன் பல்லு இடுக்குல இருந்த வெள்ளை மாவு மாதிரி அழுக்கை எடுத்து தண்ணில கலந்து பாத்தா குட்டி குட்டியா உயிருங்க நீந்துது, லண்டன்ல ராயல் சொசைட்டிங்கிற விஞ்ஞானிங்க சங்கத்துக்கு அதை கடுதாசி எழுதி அனுப்பிட்டாரு. ஒரு ராஜ்ஜியத்துல இருக்கிற ஜனத்தை விட என் வாயில அதிகம் இருக்குங்கிற மாதிரி எழுதினாராம்.

இதுல நல்லதும் உண்டு. கீரை சாப்பிடுறோம்ல, அதுல இருக்கிற நைட்ரேட்டை நாக்கு மேல இருக்கிற பாக்டீரியாதான் மாத்திக் குடுக்குது, அது உடம்புக்குள்ள போய் ரத்தக் குழாயைத் தளர்த்துற வேலையைச் செய்யுது. அதனால பாட்டில் பாட்டிலா மருந்துத் தண்ணி ஊத்தி வாயைக் கொப்பளிச்சுகிட்டே இருக்கிறது புத்திசாலித்தனம் இல்ல.

அப்ப ஈறு எப்படித்தான் கெடுது?

மழைக்காலத்துல தண்ணித் தொட்டியை ரெண்டு நாள் கழுவாம விட்டா ஓரத்துல கை வச்சா வழவழன்னு இருக்குமே, அதேதான் பல்லுலயும். தேய்ச்சு முடிச்ச கொஞ்ச நேரத்துலயே எச்சில்ல இருந்து ஒரு மெல்லிசு படலம் பல்லு மேல படியும், அதுல முதல்ல சாது பாக்டீரியா வந்து ஒட்டும், அது மேல இன்னொண்ணு, அது மேல இன்னொண்ணுன்னு அடுக்கு கட்டி, தன்னைச் சுத்தி பிசின் மாதிரி ஒண்ணைப் பூசிக்கும். இதுதான் பிளாக். கொப்பளிச்சா போகாது, தேய்ச்சாதான் போகும். தேய்க்காம விட்ட இடத்துல எச்சில்ல இருக்கிற கால்சியம் இறங்கி கல்லு மாதிரி ஆயிடும், அது காரை. அப்புறம் உங்க பிரஷ்ஷால ஒண்ணும் பண்ண முடியாது.

1965ல டென்மார்க்ல ஹாரல்ட் லோங்கிற பல் டாக்டரும் கூட இருந்தவங்களும் ஒரு வேலை பண்ணாங்க. ஈறு நல்லா இருந்த 12 பேரை, பெரும்பாலும் பல் டாக்டருக்கு படிக்கிற பசங்க, பல்லே தேய்க்காதீங்கன்னுட்டாங்க. 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள 12 பேருக்கும் ஈறு வீங்கி ரத்தம் வந்துடுச்சு. திரும்ப தேய்க்க விட்டாங்க, ஒரு வாரம் பத்து நாள்ல சரியாயிடுச்சு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கதை, ஏன்னா இந்தக் கட்டம் வரைக்கும் திரும்பி வரலாம். மாத்திரை வேணாம், ஊசி வேணாம்.

திரும்பி வர முடியாத கட்டம் அதுக்கப்புறம். வீங்கின ஈறு பல்லை விட்டு விலகி ஒரு பை மாதிரி ஆகும். நல்ல ஈறுல அந்த சந்து 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். டாக்டர் மெல்லிசு கம்பியை விட்டு நம்பர் நம்பரா சொல்லுவாங்க, நான் எழுதுவேன், 4, 5, 7ன்னு போகும்போது எனக்கே திக்குன்னு இருக்கும். அந்தப் பைக்குள்ள காத்து போகாது. காத்து பிடிக்காத பாக்டீரியாவுக்கு அதுதான் சொகுசு வீடு. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சித்தியா, ட்ரெபோனிமா டென்டிகோலான்னு மூணு, வாயில நுழையாத பேரு. மூணையும் சேத்து 'சிவப்புக் கூட்டம்'னு 1998ல பேரு வச்சாங்க, ஆழமான பைல இதுங்க சேந்தே கிடைக்குது. இதுல முதல் ஆளு ரொம்ப விவரம். அதுக்கு இரும்புச் சத்து வேணும், அது நம்ம ரத்தத்துல இருக்கு. ஈறு வீங்கி ரத்தம் கசிஞ்சா அதுக்கு சாப்பாடு, சாப்பிட்டு அது பெருகினா இன்னும் வீக்கம். அதோட நம்ம உடம்போட காவல் படையையே குழப்பி விட்டுடும், கிருமியைக் கொல்ல வந்த படை கொல்லாம சண்டை மட்டும் போட்டுகிட்டு இருக்கும், அந்த சண்டையிலதான் எலும்பு கரையுது. எலும்பைக் கரைக்கிறது நேரடியா கிருமி இல்ல, பெரும்பாலும் நம்ம உடம்பே.

எனக்கு வாய் பூரா காரை, ஒரு பல்லும் ஆடல. என் தம்பி நாள் தவறாம தேய்க்கிறான், அவனுக்கு பல்லு ஆடுது. இது என்ன நியாயம்?

நியாயம் இல்லதான், ஆனா உண்மை. இதுக்கு பதில் நம்ம ஜனங்க வாயில இருந்தே வந்தது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

மேல சொன்ன அதே லோ, 1970ல இலங்கை மலையகத்துக்குப் போனாரு. தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்ச தமிழ் ஆம்பளைங்க 480 பேர். நம்ம தாத்தா பாட்டிங்க கப்பல் ஏறி ரங்கூனுக்கு வந்த மாதிரியே அவங்க தாத்தா பாட்டிங்க கண்டிக்கு ஏறினவங்க. பல் டாக்டர்னு ஒருத்தர் இருக்காருன்னே பழக்கம் இல்லாத ஜனம், நாம செய்யுற மாதிரி பிரஷ் பேஸ்ட் எல்லாம் கிடையாது. 15 வருஷம் அவங்க வாயை அளந்துகிட்டே இருந்தாங்க. எல்லாருக்கும் பல்லு பூரா அழுக்கு, எல்லாருக்கும் ஈறு வீக்கம். ஆனா முடிவு? 8 சதவீதம் பேருக்கு வேகமா அழிஞ்சுது, அந்தக் கூட்டத்துல 35 வயசுக்குள்ளயே சராசரியா 12 பல்லு போயிடுச்சு, 45ல எல்லாப் பல்லும். 81 சதவீதம் பேருக்கு மெதுமெதுவா. மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒண்ணுமே ஆகல! அதே அழுக்கு, அதே தோட்டம், அதே சோறு.

கிருமி இல்லாம இந்த நோய் வராது, ஆனா கிருமி மட்டும் இருந்தா எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. அப்பா அம்மாகிட்ட இருந்து வந்த உடம்பு வாகு, சுகர், சிகரெட்டு, புகையிலை எல்லாம் சேந்துதான் யாரு எந்தப் பக்கம்னு முடிவாகுது. நீங்க அந்த 11ல ஒருத்தரா இருக்கலாம். உங்க தம்பி 8ல ஒருத்தனா இருக்கலாம், அப்படின்னா அவன் உங்களை விட பத்து மடங்கு ஜாக்கிரதையா இருக்கணும், அடிக்கடி வந்து காமிக்கணும். "அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு அவன்கிட்ட சொல்லாதீங்க, அவ்ளோதான்.

குன்யா (பர்மா வெத்தலை மடிப்பு) போட்டா பல்லு கெட்டியாகும்னு பெரியவங்க சொல்றாங்களே?

இந்தக் கேள்விக்கு நான் சண்டைக்கே போயிருக்கேன். தெருமுனைக்கு ஒரு குன்யாக் கடை, வெத்தலையில சுண்ணாம்பை பிரஷ்ஷால தடவி பாக்கு போட்டு புகையிலை போட்டு மடிச்சுக் குடுக்குறாங்க, சோறு இல்லாம கூட இருப்பாங்க அது இல்லாம இருக்க மாட்டாங்க. எங்கப்பாவும் அப்படித்தான்.

பெரியவங்க சொன்ன வெத்தலை வேற, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போட்டு துப்பிட்டு வாய் கொப்பளிக்கிறது. இப்ப போடுறது நாள் பூரா கன்னத்துல அடக்கி வச்சுக்கிறது. பாக்கு நாரு ஈறுல குத்திக் குத்தி கிழிக்குது, சுண்ணாம்பு பொசுக்குது, புகையிலை ஈறை அங்கேயே அரிச்சு பல்லு வேரு வரைக்கும் கீழ இறக்குது, கறை படிஞ்சு சொரசொரப்பான பல்லுல அழுக்கு இன்னும் நல்லா ஒட்டுது.

இன்னொண்ணு யாருமே யோசிக்கிறதில்ல. வாய் பூரா சிவப்பு, துப்புறது சிவப்பு, பிரஷ்ஷு சிவப்பு. இதுல ஈறுல இருந்து ரத்தம் வருதா வெத்தலைச் சாறா எப்படித் தெரியும்? இந்த நோய் குடுக்குற முதல் எச்சரிக்கையே பெரும்பாலும் ரத்தம்தான், அதையும் வெத்தலை மறைச்சுடுது. சிகரெட்டு இன்னொரு விதத்துல மறைக்கும், ஈறு ரத்தக் குழாயைச் சுருக்கிடும், உள்ள பை 6 மில்லிமீட்டர் இருக்கும், வெளிய ஒரு சொட்டு ரத்தம் வராது, ஆளு "என் ஈறு ஸ்ட்ராங்கு"ம்பாரு.

புகையிலை போடாம வெறும் பாக்குதான் போடுறேன்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை, பாக்கே கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு 2004லயே சொல்லிடுச்சு. வாய் முழுசா திறக்க முடியல, காரம் பட்டா எரியுது, கன்னம் உள்பக்கம் வெள்ளையா கெட்டியா இருக்குன்னா ஈறை விடுங்க, அதை முதல்ல காமிங்க.

க்ளீன் பண்ணா பல்லு லூசாகிடும்னு பயமா இருக்கு.

காரைதான் சிமென்ட் மாதிரி பிடிச்சுகிட்டு இருந்துச்சு. எலும்பு எப்பவோ போயிடுச்சு, காரையை எடுத்ததும் சந்து தெரியுது, கொஞ்ச நாளைக்கு ஆடுற மாதிரி இருக்கும், கூசும். க்ளீனிங் பண்ணதால பல்லு ஆடல, ஆடிகிட்டு இருந்தது இப்பதான் தெரியுது. வீக்கம் வத்தினா ஈறு இறுகும்.

சரி, வாயில இருக்கிற கிருமி உடம்புக்குள்ள எப்படிப் போகும்?

வயித்துக்குள்ள எச்சிலோட முழுங்குறது ஒரு வழி. மூச்சோட நுரையீரலுக்கு இறங்குறது இன்னொரு வழி. முக்கியமானது ரத்தம். ஈறு நோய் முத்தினவங்களுக்கு பல்லைச் சுத்தி இருக்கிற பையோட உள்புறத்தை எல்லாம் விரிச்சுப் போட்டா 8ல இருந்து 20 சதுர சென்டிமீட்டர் வரும்னு கணக்கு போட்டிருக்காங்க. அவ்ளோ பெரிய ரணம் கையில இருந்தா கட்டு போடாம வெளிய போவோமா? வாய்க்குள்ள இருக்கிறதால யாருக்கும் தெரியல. மெல்லும்போதும் தேய்க்கும்போதும் அது வழியா கொஞ்சம் கொஞ்சம் பாக்டீரியா ரத்தத்துல ஏறுது. நல்ல உடம்பு கொஞ்ச நேரத்துல அதைப் பிடிச்சு அழிச்சுடும். ஆனா தினமும் ஏறுதே, அந்த சண்டைக்காக உடம்பு ஊத்துற ரசாயனம் எல்லாம் ரத்தத்தோட மத்த இடத்துக்கும் போகுது. கிருமியே போய் ஒரு இடத்துல உக்காருறது ஒண்ணு, ஈறுல எரியுற நெருப்போட புகை உடம்பு பூரா பரவுறது இன்னொண்ணு. கீழ வர்ற எல்லா பதில்லயும் இந்த ரெண்டுல எதுன்னு பாத்துக்கோங்க.

சுகர் இருக்கிறவங்களுக்கு ஈறு ஏன் சீக்கிரம் போகுது?

ரெண்டு பக்கமும் இடிக்குற மத்தளம் கதை இது. சுகர் ஏறினா கிருமியை எதிர்க்குற சக்தி குறையுது, புண்ணு ஆற நேரமாகுது, ஈறு கெடுது. ஈறு கெட்டா அந்தப் புகை ரத்தத்துல ஏறி இன்சுலின் வேலை செய்ய விடாம தடுக்குது, சுகர் ஏறுது. எங்கப்பாவுக்கு 50 வயசுல சுகர் வந்துச்சு, பல்லு ஆட ஆரம்பிச்சது 52ல, அப்ப யாரும் இந்த ரெண்டையும் சேத்துப் பாக்கல.

உடம்பு நோய்க்கும் ஈறுக்கும் இருக்கிற தொடர்புல நான் ரொம்ப நம்புறது இதைத்தான், ஏன்னா ஈறை சரி பண்ணிப் பாத்திருக்காங்க. 2022ல காக்ரேன்காரங்க (உலகத்துல நடந்த வைத்திய சோதனைகளை எல்லாம் சேத்துப் பாத்து சொல்ற குழு) 35 சோதனைகளைச் சேத்துப் பாத்தப்ப, ஈறு நோய்க்கு சுத்தமா வைத்தியம் பண்ண சுகர்காரங்களுக்கு மூணு நாலு மாசத்துல எச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட்டு, 0.43 புள்ளி குறைஞ்சிருந்துச்சு. 8.5 இருந்தது 8.1 கிட்ட வரும்னு வச்சுக்கோங்க. சின்ன நம்பரா தெரியும், ஆனா இன்னொரு மாத்திரை சேத்தா கிடைக்கிறதுக்கு கிட்ட வருது. அதுக்காக மாத்திரையை நிறுத்திட்டு ஸ்கேலிங் (காரை எடுக்கிறது) மட்டும் பண்ணிக்காதீங்க, ஒரு அண்ணே நிஜமாவே அப்படிக் கேட்டாரு.

ஈறு நோய் இருந்தா ஹார்ட் அட்டாக் வருமாமே?

இதுல ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புறாங்க. ஒண்ணு ஹார்ட் வால்வு. சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல் வந்து வால்வு கெட்டவங்க நம்மூர்ல இன்னும் இருக்காங்க, செயற்கை வால்வு வச்சவங்க இருக்காங்க. வாயில இருக்கிற சாது ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ஸே ரத்தத்துல போய் அந்த மாதிரி வால்வுல உக்காந்து கூடு கட்டிடும், உயிருக்கே ஆபத்து. இது நிச்சயமா தெரிஞ்ச விஷயம். அதனால செயற்கை வால்வு, முன்னாடி ஒரு தடவை வால்வுல கிருமி வந்தது, சில பிறவிக் கோளாறு, இப்படி இருந்தா பல்லு பிடுங்குறதுக்கு, காரை எடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஆன்டிபயாடிக் குடுத்துட்டுதான் ஆரம்பிப்பாங்க. தயவுசெஞ்சு மறைக்காதீங்க, "சொன்னா வைத்தியம் பண்ண மாட்டாங்க"ன்னு மறைச்சவங்களைப் பாத்திருக்கேன்.

ரெண்டாவது, ரத்தக் குழாய் அடைப்பு. ஈறு நோய் உள்ளவங்களுக்கு ஹார்ட் அட்டாக் கொஞ்சம் அதிகம்தான், சிகரெட்டு வயசு எல்லாம் கழிச்சுப் பாத்தாலும். அடைப்புக்குள்ள வாய் பாக்டீரியாவோட தடயமும் கிடைச்சிருக்கு. ஆனா தொடர்பு இருக்கு, ஈறு நோய்தான் காரணம்னு நிரூபணம் இல்லன்னு அமெரிக்க இதய சங்கம் 2012ல சொல்லுச்சு. ஈறை சரி பண்ணா அட்டாக் வராதுன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.

யூட்யூப்ல மறதி நோய், மூட்டுவாதம், குடல் கேன்சர் எல்லாமே வாய்க் கிருமியாலதான்னு சொல்றாங்க?

கொஞ்சம் பொறுங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் ஒரு அலை அடிச்சுது. வில்லியம் ஹன்டர்னு லண்டன்ல ஒரு டாக்டர் 1910 வாக்குல எல்லா நோய்க்கும் வாய் அழுக்குதான் மூலம்னு பேசப் போக, ஊரெல்லாம் நல்ல பல்லையும் சேத்துப் பிடுங்க ஆரம்பிச்சுட்டாங்க. அமெரிக்காவுல ட்ரென்டன்னு ஒரு ஊர்ல மனநல ஆஸ்பத்திரி டாக்டர் ஹென்றி காட்டன், பைத்தியம் தெளியும்னு நோயாளிங்க பல்லெல்லாம் பிடுங்கினாரு, அதுல தெளியலன்னா குடலையும் வெட்டினாரு. நிறைய பேர் செத்தாங்க. அதனால "எல்லாமே வாயால"ன்னு கேட்டாலே எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

இப்ப என்ன தெரியும்னா, 2019ல அல்சைமர் மறதி நோய்ல இறந்தவங்க மூளையில அந்த ஜிஞ்சிவாலிஸோட நஞ்சு கிடைச்சதா ஒரு கட்டுரை வந்து பெரிய பேச்சாச்சு. அந்த நஞ்சைத் தடுக்குற மாத்திரையைச் செஞ்சு நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க, 2021ல ரிசல்ட் வந்துச்சு, மறதி குறையல. குடல் கேன்சர் கட்டிக்குள்ள ஃபூசோபாக்டீரியம்னு ஒரு வாய் பாக்டீரியா நிறைய இருக்குன்னு 2012 வாக்குல ரெண்டு குழு தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. அதுவே கேன்சரை ஆரம்பிச்சுதா, இல்ல கட்டி வந்த அப்புறம் வசதியா போய் குடியேறுச்சாங்கிறதுலதான் சண்டை. மூட்டுவாதத்துக்கு ஒரு காரணம் சொல்றாங்க, ஜிஞ்சிவாலிஸ் நம்ம புரதத்தைக் கொஞ்சம் மாத்தி விடுது, உடம்பு அதை அந்நியன்னு நினைச்சு தாக்க ஆரம்பிக்குதுன்னு. கேக்க சரியாத்தான் இருக்கு. நான் இதையெல்லாம் 'வாய்ப்பு இருக்கு'ன்னு ஒரு பெட்டியில போட்டு வச்சிருக்கேன், சுகரோட அதே பெட்டியில இல்ல.

மாசமா இருக்கேன், ஈறு வீங்குது. குழந்தைக்கு ஆபத்தா? க்ளீன் பண்ணலாமா?

பண்ணலாம்டா, பயப்படாத. ஹார்மோன் ஏறுறதால கொஞ்ச அழுக்குக்கே ஈறு பெருசா வீங்கும், சிலருக்கு சிவப்பா ஒரு குமிழ் மாதிரி கூட வரும், பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் அடங்கிடும். ஈறு நோய் இருக்கிற அம்மாக்களுக்கு குறைமாசக் குழந்தை அதிகம்னு பாத்திருக்காங்க. ஆனா 2006ல அமெரிக்காவுல 823 கர்ப்பிணிங்களை ரெண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு கர்ப்பத்துலயும் இன்னொண்ணுக்கு பிரசவத்துக்கு அப்புறமும் ஈறு வைத்தியம் பண்ணாங்க, குறைமாசப் பிரசவம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா வைத்தியத்தால தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதலும் இல்ல. அதனால குழந்தைக்காகன்னு இல்ல, உன் வாய்க்காக வந்து பண்ணிக்கோ. நடு மாசங்கள்ல வந்தா உக்கார வசதியா இருக்கும். "பிள்ளைக்கு ஒரு பல்லு போகும்"னு மாமியார் சொல்றதைக் கேட்காத, பிள்ளை உன் பல்லுல இருந்து கால்சியம் எடுக்கிறதில்ல.

ப்ரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து ஈறு வளந்து பல்லை மூடுது, ஏன்?

அம்லோடிபின்னா இருக்கலாம், வலிப்பு மாத்திரை ஃபெனிடாயினும் பண்ணும். அழுக்கு இருக்கிற வாயில இன்னும் மோசம். நீங்களா நிறுத்தாதீங்க, மாத்திரை அட்டையை எடுத்துகிட்டு ரெண்டு டாக்டர்கிட்டயும் காமிங்க.

மருந்துக்கடையில ரெண்டு நாள் மாத்திரை வாங்கிப் போட்டா வீக்கம் போயிடுது, அது போதாதா?

நாலஞ்சு கலர் மாத்திரையை ஒண்ணாப் போட்டு பொட்டலம் கட்டித் தர்றாங்களே அதானே? அதுல என்ன இருக்குன்னு வாங்குறவங்களுக்கும் தெரியாது. வீக்கம் குறையும், அழுக்கு அங்கேயே இருக்கும். பாக்டீரியா பிசினைப் பூசிகிட்டு அடுக்கா உக்காந்திருக்குன்னு சொன்னேன்ல, மருந்து அதுக்குள்ள சரியா இறங்காது, மேல இருக்கிறது சாகும், உள்ள இருக்கிறது தப்பிச்சு மறுபடி வளரும். ஈறு நோய்க்கு முதல் வைத்தியம் காரையை சுரண்டி எடுக்கிறதுதான். மாத்திரை அதுக்குத் துணை, அதுவும் சில பேருக்குத்தான்.

வேப்பங்குச்சி, உப்பு, கரி, பிரஷ், எதுதான் நல்லது?

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி"ன்னு நம்ம ஆளுங்க சொன்னதுல தப்பே இல்ல, அதுல வேல்னா கருவேலங்குச்சி, அதே மாதிரி வேப்பங்குச்சி நுனியையும் நல்லா மென்னு பூவாக்கி தேய்ச்சா அழுக்கு போகும். ஆனா அது வெளிப்பக்கம்தான் போகும், நாக்குப் பக்கமும் பல்லு இடுக்கும் அப்படியே இருக்கும். கரியும் செங்கல் பொடி மாதிரி சிவப்புப் பொடியும் பல்லை அரிச்சுடும். உப்புத் தண்ணி கொப்பளிக்க நல்லது, வீங்கின ஈறுக்கு இதமா இருக்கும், காரையைக் கரைக்காது.

மெத்துன்னு பிரஷ், ஃப்ளோரைடு இருக்கிற பேஸ்ட், ராத்திரி படுக்கும் முன்னாடி கட்டாயம். ஈறும் பல்லும் சேர்ற கோட்டுல பிரஷ்ஷை சாய்ச்சு வச்சு சின்னச் சின்னதா ஆட்டுங்க, மரம் அறுக்கிற மாதிரி இழுக்காதீங்க. பிரஷ்ஷு பல்லு இடுக்குல நுழையாது, ஈறு நோய் ஆரம்பிக்கிறதே அங்கதான். சந்து பெருசா இருந்தா பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி குட்டியா விக்குது அது, நெருக்கமா இருந்தா பல்லுக்குன்னே விக்கிற நூலு. குளோரெக்சிடின்னு கிருமி கொல்லுற கொப்பளிக்கிற தண்ணி டாக்டர் சொன்னா ரெண்டு வாரம், அதுக்கு மேல ஊத்தினா பல்லு பழுப்பாகும், ருசி போகும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது காரை எடுங்க, சுகர் இருந்தா அதை விட அடிக்கடி. காசு கஷ்டம்னா யாங்கோன்லயும் மண்டலேயிலயும் பல் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கு, அங்க விசாரிச்சுப் பாருங்க.

தாடைக்கு அடியில வீங்கி, வாய் திறக்க முடியாம, எச்சில் முழுங்க முடியாம, காய்ச்சலும் வந்தா மட்டும் பல் கிளினிக்குக்கு வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி. கழுத்துல வீக்கம் இறங்கி மூச்சையே அடைச்சுடும், விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

எங்க பாட்டிக்கு எல்லாப் பல்லும் போயிடுச்சு, இனிமே வாய்க் கிருமி பிரச்சினை இல்லதானே?

இருக்கு. வயசானவங்க, பக்கவாதம் வந்து படுத்திருக்கிறவங்களுக்கு எச்சில் தப்பி நுரையீரலுக்குப் போகும், எச்சில்ல இருக்கிற கிருமியும் கூடப் போகும், நிமோனியா வரும். ஜப்பான்ல 11 முதியோர் இல்லத்துல ரெண்டு வருஷம் பாத்தாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் யாராவது வாயைச் சுத்தம் பண்ணி விட்டவங்கள்ல 11 சதவீதம் பேருக்கு நிமோனியா, பண்ணாம விட்டவங்கள்ல 19 சதவீதம். பல்லு இல்லாதவங்களுக்கும் இந்த வித்தியாசம் தெரிஞ்சுது. ஈரத்துணியை விரல்ல சுத்தி ஈறு, நாக்கு, கன்னம் உள்பக்கம் துடைச்சு விடுங்க, படுக்க வச்சு தண்ணி ஊத்தாதீங்க, தலையைத் தூக்கி வச்சுக்கோங்க.

பல்செட்டு போட்டிருந்தா ராத்திரி கழட்டணும். அதுவும் ஜப்பான்ல, 85 வயசுக்கு மேல இருந்த 524 பேரைப் பாத்தப்ப பல்செட்டோட தூங்கினவங்களுக்கு நிமோனியா ரெண்டு மடங்குக்கு மேல வந்துச்சு. எங்கப்பா இதுக்கு ஒத்துக்கவே இல்ல, "ராத்திரி யாராவது வந்தா பொக்கை வாயோடயா பேசுவேன்"னாரு. ரெண்டு மணிக்கு யாருப்பா வருவான்னு கேட்டு, பழைய டீக்கடை கிளாஸ் ஒண்ணுல தண்ணி ஊத்தி மூடியோட கட்டில் பக்கத்துல வச்சேன். இப்ப அவரே சோப்பு போட்டு தேய்ச்சு அதுல போட்டுட்டுதான் படுக்குறாரு, பேரன் மட்டும் காலையில பாத்து கத்துவான்.